ஏற்றம் குடிக்கும் பெற்றோல்: ஹட்டன் கராஜிலிருந்து சில பதில்கள்

மலையகத்தில், ஹட்டனில் இருபது வருடமாக கராஜ் வைத்திருக்கிறேன். த்ரீவீலும் மோட்டார் சைக்கிளும்தான் பிழைப்பு. சில வருடங்களாக மின்சார ஸ்கூட்டர்களும் வருகின்றன. மாதக் கடைசியில் எண்ணெய் விலை திருத்தும் நாள் நெருங்கினாலே என் போன் ஓயாது. கேள்விகளை எழுதி அனுப்புங்கள் என்றேன். நிறையப் பேர் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

தலவாக்கலை, த்ரீவீல் ஓட்டும் தம்பி: அண்ணா, கொழும்பில் என் மச்சானிடமும் இதே வண்டிதான். அவனுக்கு ஒரு லீற்றருக்கு ஓடும் தூரம் எனக்கு ஓடுவதில்லை. எஞ்சின் போய்விட்டதா?

எஞ்சினைத் திட்டாதீர்கள் தம்பி. மூன்று பேர் ஏறிய த்ரீவீல் 600 கிலோ வரும் என்று வையுங்கள். அதை 500 மீற்றர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக மட்டும் ஏறக்குறைய அரை லீற்றர் பெற்றோல் எரியும். பாதையில் ஓடுவதற்கான செலவு தனி. உங்கள் மச்சான் அந்த அரை லீற்றரை எரிப்பதே இல்லை.

இதில் உங்கள் கையில் இருப்பது ஒன்று உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்று கொழும்பை விட ஆறில் ஒரு பங்கு மெலிந்தது. கொழும்பில் டியூன் பண்ணிய காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) மலைக்கு வந்தாலும் அதே அளவு பெற்றோலைத் தள்ளும், சேர்ந்து எரியக் காற்று போதாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் காசு புகையாகப் போகிறது என்று அர்த்தம். நல்ல மெக்கானிக் ஒருவரிடம், உங்கள் ஊர் உயரத்துக்கு ஏற்றபடி கலவையில் பெற்றோலைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள். எயார் ஃபில்டரையும் பாருங்கள். அப்புறம் வண்டியை ஜாக்கியில் தூக்கி ஒவ்வொரு சில்லையும் கையால் சுற்றுங்கள். என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு ஒரு சில்லாவது பிரேக்கில் உரசிக்கொண்டுதான் இருக்கும்.

கினிகத்தேனை: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சம்தானே?

இல்லை. காபரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் அளந்து பெற்றோல் விடும் இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி எக்ஸிலேட்டரை விட்டால் பெற்றோல் தானாகவே நின்றுவிடும், சில்லுதான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமலிருக்க பெற்றோல் குடித்தே ஆக வேண்டும். காபரேட்டர் வண்டியில் சொட்டு மிச்சமாகலாம். ஆனால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். கொண்டை ஊசி வளைவில் சூடேறிய பிரேக் பிடிக்காமல் போனால், மிச்சம் பிடித்த காசு சவப்பெட்டிக்குக்கூடக் காணாது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

பண்டாரவளை: ஒக்டேன் 95 பெற்றோல் அடித்தால் ஏற்றத்தில் நன்றாக இழுக்குமா?

92க்குச் செய்த எஞ்சினுக்கு 95 ஊற்றுவது வீண். உயரத்தில் காற்று மெலிவதால் எஞ்சின் நொக் பண்ணுவதும் (உள்ளே தட்டுவதும்) குறைவு. கூடுதல் காசில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டு, மீதியில் ஒரு பிளேன் டீ குடியுங்கள்.

பெயர் வேண்டாம் என்று கேட்டவர்: மண்ணெண்ணெய் கலந்தால் என்ன?

2022 பெற்றோல் தட்டுப்பாட்டின்போது எத்தனை த்ரீவீல் வெள்ளைப் புகையோடு என் வாசலுக்கு வந்தன என்று கேளுங்கள். மண்ணெண்ணெய் முழுவதாக எரியாது. மிச்சம் எஞ்சின் ஒயிலில் இறங்கி அதைத் தண்ணியாக்கும், ஏற்றத்தில் பிஸ்டன் தட்டும், ரிங் தேயும். மண்ணெண்ணெய் அடிமலிவு என்ற பழைய கதையும் அந்த ஆகஸ்டோடு முடிந்தது. லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்குப் போனது. அடுப்புக்கே அளந்து ஊற்றிய, தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளுக்குத்தான் அந்த அடி பலமாக விழுந்தது.

மஸ்கெலியா, ஒரு டீச்சர்: பள்ளிக்கூடத்துக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா? கடைக்காரர் ஒரு சார்ஜில் 70 கிலோமீற்றர் என்கிறார்.

டீச்சர், அந்த 70 சமதரையில், ஒல்லியான ஒருவர், மெதுவாக ஓட்டினால் வரும். நம் பாதையில் பாதி வந்தாலே சந்தோஷம்.

தூரத்தை விட மோட்டாரைக் கேளுங்கள். நூறு மீற்றருக்குப் பத்து மீற்றர் உயரும் ஏற்றம் நம் ஊரில் சாதாரணம். அதில் வண்டியும் இரண்டு பேருமாக 210 கிலோவை மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஏற்ற 1,100 வாட்டுக்கு மேல் வேண்டும். 800 வாட் மோட்டாரில் நீங்கள் தனியாகப் போகலாம். மகளைப் பின்னால் ஏற்றினால் வண்டி முனகும், மோட்டார் சுடும், கடைசியில் மகள் இறங்கி நடப்பாள். வாங்குமுன் உங்கள் பாதையிலேயே, மோசமான ஏற்றத்தில், இரண்டு பேரோடு ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

லெட் அசிட் பெட்டரி மலிவு, ஆனால் ஏற்றத்தில் பலமாக இழுக்க இழுக்கச் சீக்கிரம் படுத்துவிடும். லித்தியம் விலை கூட என்றாலும் மலைக்கு அதுதான். நுவரெலியாப் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஜனவரி, பெப்ரவரியில் பனி உறையும் விடியற்காலையில் லித்தியத்தை வெளியே வைத்துச் சார்ஜ் போட வேண்டாம். இலக்கத் தகடும் பதிவுப் புத்தகமும் இல்லாத வண்டி என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

தனியாகப் போவதும், ஏற்றம் மிதமாக இருப்பதும் உங்கள் நிலைமை என்றால் தாராளமாக வாங்குங்கள்.

கண்டி: பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. வாரம் ஒருமுறை நுவரெலியா போவேன். சரிவருமா?

கணக்குப் போட்டே பார்ப்போம் ஐயா. பாதை ஏறக்குறைய 77 கிலோமீற்றர். சாதாரண ஓட்டத்துக்கு 11, 12 யூனிட் போகும். 1,500 கிலோ காரை 1,350 மீற்றர் மேலே தூக்க இன்னும் ஆறேழு யூனிட். ஆக, 18 யூனிட். புதிதாக இருந்தபோது அந்தக் காரின் பெட்டரி 24 யூனிட். அதைத் தண்ணீரால் குளிர்விக்கும் வசதி அதில் கிடையாது, வருடம் போகப் போகக் குறையும். 70 வீதம்தான் மிச்சம் என்றால் கையில் 17கூட இல்லை. ரம்பொடை வளைவில் நின்றுகொண்டு யாருக்குப் போன் எடுப்பீர்கள்?

திரும்பி வரும்போது கதை வேறு. இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்துப் பெட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும், பிரேக் பேடும் தேயாது. ஆனால் நுவரெலியாவிலேயே முழுதாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பெட்டரியில் இடமிருக்காது. 80 வீதத்தோடு நிறுத்துங்கள்.

கண்டிக்குள் ஓட மட்டும் என்றால் வாங்கலாம். அதுவும் பெட்டரி நிலவரத்தைக் கருவியில் போட்டுப் பார்த்த பிறகு.

பொகவந்தலாவை: த்ரீவீலுக்கு காஸ் போடலாமா?

போடலாம். வாகனத்துக்கென்று செய்த தாங்கியும் பொருத்தும் பாகங்களும் இருந்தால் மட்டும். அடுப்பு சிலிண்டரைப் பின்சீட்டுக்குக் கீழே கட்டிக்கொண்டு ஓடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டியில் நான் ஏறமாட்டேன். ஏற்றத்தில் இழுவையும் கொஞ்சம் குறையும். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது காஸ் வரிசையும் கூடவே நீண்டதை மறக்க வேண்டாம்.

கொட்டகலை, அலுவலகம் போகும் ஒருவர்: மோட்டார் சைக்கிளை விட்டுக் கோச்சியில் (ரயிலில்) போனால்?

நேரம் ஒத்துவந்தால் சீசன் டிக்கட்டுக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையக ரயில் பாதையை என்ன பாடுபடுத்தியது என்று தெரியும்தானே. (ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கே சின்ன ரயில் ஓடியது. அது இன்றும் இருந்திருந்தால் என் கராஜில் பாதி வேலை குறைந்திருக்கும்.) ஒரே இடத்துக்குப் போகும் மூன்று பேர் சேர்ந்து மாத ஹயருக்கு ஒரு த்ரீவீல் பேசிப் பாருங்கள். 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த பெற்றோல் அடுத்த ஜூனில் 470 ஆனபோது எங்கள் பக்கம் பலரைக் காப்பாற்றியது இந்த ஏற்பாடுதான்.

நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு அக்கா: லயத்து வீட்டில் ஸ்கூட்டர் சார்ஜ் போட்டால் வயர் எரியுமா?

சார்ஜர் 300, 400 வாட்தான் இழுக்கும் அக்கா, ஒரு அயர்ன்பொக்ஸை விடக் குறைவு. பயப்பட வேண்டியது பழைய வயரிங்குக்கு. பிளக் சுடுகிறதா என்று அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீடென்றால் முதலில் அதைப் போடுங்கள், ஸ்கூட்டர் பிறகு. பல பிளக் போட்ட நீட்டு வயரில் மாட்ட வேண்டாம். விறகடுப்புக்குப் பக்கத்திலும் வாசல்படியை மறித்தும் வைக்க வேண்டாம். சின்ன பெட்டரிக்கு ஒரு முழுச் சார்ஜ் ஒன்றரை யூனிட் அளவில் முடியும். ஆனால் மாத யூனிட் கூடும்போது பில் அடுத்த படிக்குத் தாவும், அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். தலவாக்கலையில் அணை கட்டி மேல் கொத்மலை நீர்மின் நிலையம் 150 மெகாவாட் எடுக்கிறது, நம் லயத்தில் பொழுது சாய்ந்தால் பல்பு மங்குகிறது. அந்த நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள். எல்லாரும் படுத்த பிறகு, பத்து மணிக்கு மேல், நீங்கள் விழித்திருக்கும்போதே போட்டு முடியுங்கள்.