அமெரிக்கா தன் முதல் அரசமைப்பை ஏன் கைவிட்டது?

1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகள்தான் அந்த முதல் அரசமைப்பு. அதன்படி மத்திய அரசுக்கு வரி போடும் உரிமையே கிடையாது. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். தராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. விடுதலைப் போரில் உயிரைப் பணயம் வைத்த வீரர்களுக்கே சம்பள பாக்கி. எனக்கு இதுதான் மிகவும் உறுத்துகிறது.

சரி, விதியைத் திருத்தலாமே என்றால், 13 மாநிலங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். இறக்குமதிக்கு 5 சதவீத வரி என்ற யோசனை, ரோட் ஐலண்டு என்ற குட்டி மாநிலம் மறுத்ததால் முறிந்தது.

அப்புறம் 1786இல் மாசசூசெட்ஸில் கடனிலும் வரியிலும் நொந்துபோன விவசாயிகள் நீதிமன்றங்களை முற்றுகையிட்டார்கள். அடக்க மத்திய அரசிடம் படையில்லை; வணிகர்கள் கொடுத்த பணத்தில்தான் மாநிலம் படை திரட்டியது. அந்த அதிர்ச்சியோடுதான் 1787 மே மாதம் மாநிலங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். வந்தது திருத்துவதற்கு, எழுதியதோ புதிய அரசமைப்பு. 9 மாநிலங்கள் ஏற்றாலே போதும் என்றும் அதில் வைத்துவிட்டார்கள்.