புளியில கொக்குக் கூடு, எச்சம் பக்கத்து வளவில: ஆர் பொறுப்பு?

கைதடியில இருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறா. அடிவளவுப் புளியமரத்தில மூண்டு வருசமா வெள்ளைக் கொக்கும் குருட்டுக் கொக்கும் கூடு கட்டுதுகளாம், இந்தமுறை எண்ணினதில இருபதுக்கு மேல. மரத்தின்ர ஒரு பக்கக் கொப்பு எல்லை மதிலைத் தாண்டிப் போய் பக்கத்து வீட்டுக் கிணத்தடிக்கும் கார்க் கொட்டிலுக்கும் மேல நிக்குது, எச்சமும் குஞ்சுகள் கக்கிற மீனும் அங்கதான் விழுது. அந்த வீட்டு அண்ணை முதல் பகிடியாச் சொன்னவர், பேந்து கதைக்கிறதை விட்டவர், இப்ப "ஞாயிற்றுக்கிழமை ஆளைக் கொண்டுவந்து முழுக்க இறக்குவன், நட்டஈடும் கேட்டுக் கேஸ் போடுவன்" எண்டு நிக்கிறாராம். அவர் வெட்டலாமோ, கொக்குச் செய்யிறதுக்கு நான் காசு கட்டோணுமோ எண்டு கேக்கிறா. கடைசியில ஒரு வரி வேற: மகன் கீழ விழுந்த குஞ்சொண்டைக் காட்போட் பெட்டியில வைச்சு சூடை மீன் குடுத்து வளர்க்கிறானாம்.

அக்கா, காசுக் கேள்வியை முதல் முடிப்பம், உங்களுக்கு நித்திரை இல்லாமப் போனது அதாலதான் போல கிடக்கு. காட்டுப் பறவைக்குச் சொந்தக்காரர் எண்டு ஒருத்தரும் இல்லை. உப்பிடியான பக்கத்து வளவுப் பிரச்சினைகளில இலங்கையில கோடு பார்க்கிறது பெரும்பாலும் ரோமன் டச்சுச் சட்டத்தை, ஒல்லாந்தர் காலத்தில வந்த பொதுச் சட்டம் அது, அதில நீங்கள் வளர்க்கிற மாடு போய் அடுத்தவற்ர தோட்டத்தை மேஞ்சால் நீங்கள் பதில் சொல்லோணும், ஆனால் தானாப் பறந்து வந்து தானாக் குந்தினது உங்கட மரத்தில குந்தினதுக்காக உங்கட கொக்கு ஆகாது. எச்சம் விழுந்து காரின்ர பெயின்ற் போச்செண்டு உங்களிட்டக் காசு வாங்குறது லேசில்லை. ஒண்டு மட்டும் கவனம், மீன் தலை போட்டுக் கூப்பிட்டு வைச்சிருக்கிறியள் எண்டு காட்டினால் கதை மாறும். போடுறனியள் எண்டால் இண்டையோட விடுங்கோ.

ஆனால் கொக்கு உங்கட இல்லையெண்டாலும் புளி உங்கட. இதை மறந்திட்டுத்தான் கனபேர் கோட்டில வந்து முழிக்கிறவை. எல்லை தாண்டின மரம் எங்கட ஊரில புதுச் சண்டையில்லை, 1707இல ஒல்லாந்தர் தொகுப்பிச்ச தேசவழமை எண்ட யாழ்ப்பாணத்து வழமைச் சட்டத்திலையே அதைப்பற்றிக் கதை இருக்கு. தன்ர வளவுக்கு மேல நிக்கிற கொப்பை இறக்கித் தாங்கோ எண்டு கேக்க அந்த அண்ணைக்கு உரிமை இருக்கு, நீங்கள் மாட்டன் எண்டு நிண்டால் அவர் கோட்டுக்குப் போகலாம், கூடில்லாத கொப்பெண்டால் நானே உங்களுக்கு "இறக்கிக் குடுங்கோ அக்கா, வீண் செலவு" எண்டுதான் சொல்லுவன். அதுக்கு முதல் காணி உறுதியையும் பிளானையும் எடுத்து அடிமரம் எங்க நிக்குதெண்டு பாருங்கோ. எல்லையிலயே நிண்டால் மரம் ரெண்டு பேருக்கும் பொது, பேந்து நான் மேல சொன்னது பாதி மாறிப்போகும்.

அதுக்காக ஞாயிற்றுக்கிழமை ஆளை ஏத்திறது சரியெண்டில்லை. உங்கட வளவுக்குள்ள கேக்காமல் பூந்து அடாத்தா மரத்தை நாசம் பண்ணினால் தண்டனைச் சட்டக்கோவையில 433ஆம் பிரிவு அத்துமீறல், 409ஆம் பிரிவு சேதம் விளைவித்தல். இதுக்கு மேலால இன்னொண்டு, அது அவருக்குத் தெரியாதெண்டு நினைக்கிறன். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, 1993இலயும் 2009இலயும் திருத்தி இறுக்கினது. பாதுகாக்கப்பட்ட பறவையைக் கொல்லுறது, பிடிக்கிறது, முட்டையை எடுக்கிறது, கூட்டை அழிக்கிறது எல்லாம் அதில குற்றம். கொப்பு ஆற்ற வளவுக்கு மேல நிக்குதெண்டு அந்தச் சட்டம் பார்க்காது. அவர் தன்ர பக்கத்தில ஏணி வைச்சு வெட்டினாலும் முட்டையும் குஞ்சும் கீழ விழுந்தால் அவருக்குத்தான் வில்லங்கம், கெற்றப்போல் அடிச்சாலும் அதேதான். உங்களுக்கும் அதேதான் அக்கா, உங்கட மரம் உங்கட கத்தி எண்டாலும் இப்ப வெட்டேலாது.

அப்ப எவ்வளவு காலம் பொறுக்கிறது? முட்டை பொரிக்க மூண்டரைக் கிழமை மட்டில, குஞ்சு பறக்கப் பேந்தும் ஒரு மாசத்துக்கு மேல, எல்லாக் கூடும் ஒரே நாளில தொடங்கிறதும் இல்லை, அதால கடைசிக் கூடு காலியாக ரெண்டு மூண்டு மாசம் பிடிக்கும். அந்த மூண்டு மாசத்தைத்தான் நீங்கள் அண்ணையிட்ட வாங்கோணும். கேஸை நினைக்காதேங்கோ.

அரைப் பக்கத்தில ஒரு கடிதம் எழுதுங்கோ. குஞ்சு பறந்து முடிய எல்லை தாண்டின கொப்பை என்ர செலவில இறக்கித் தாறன், அதுவரைக்கும் உங்கட கிணத்துக்கு மேல கட்ட வலையும் காருக்குப் படங்கும் நான் வாங்கித் தாறன், இது என்ர சட்ட உரிமைகளுக்குப் பாதகமில்லாமல் அயல் எண்ட முறையில செய்யிறது, உதுதான் விசயம். கடைசிப் பகுதியை விட்டிடாதேங்கோ, இல்லாட்டி நாளைக்கு அதையே பிழையை ஒத்துக்கொண்டதெண்டு தூக்கிக் காட்டுவினம். கிணத்தைப் பற்றி அவர் கத்துறதில நியாயம் இருக்கு, குடிக்கிற தண்ணி, வலையை முதல் நாளே வாங்குங்கோ. தபாலில அனுப்பாமல் நேர கொண்டுபோய்க் குடுங்கோ, விதானையாரையும் (கிராம சேவையாளர்) கூட்டிக்கொண்டு போனால் நல்லம், அவருக்கு முன்னால கனபேருக்குச் சத்தம் இறங்கும்.

கேக்காட்டி மத்தியஸ்த சபைக்கு ஒரு முறைப்பாடு எழுதிப் போடலாம், 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தில வந்தது. சின்ன நட்டஈட்டுக் கேஸெண்டால் அவரும் முதல் அங்கதான் போகோணும், அங்க இணங்கேல்லை எண்டு சான்றிதழ் வாங்காமல் கோட்டுக்குள்ள ஏறேலாது. சட்டத்தரணிக்கு அங்க கதைக்க இடமில்லை, எங்கட பிழைப்புக்கு அது நட்டம், உங்களுக்கு லாபம். ஞாயிற்றுக்கிழமை உண்மையா ஆள் வந்தால் மட்டும் பொலிஸுக்கும், வனசீவராசிகள் திணைக்களத்தின்ர 1992 எண்ட போன் நம்பருக்கும் எடுங்கோ, மதிலடியில நிண்டு வாய்ச்சண்டை பிடிக்க வேண்டாம், போனில படம் எடுத்தால் காணும்.

வாசிக்கிற மற்றாக்களுக்கு ஒரு சொல்லு. கிளிக்கூட்டுச் சண்டையில "அந்தப் பனையைத் தறிச்சு விடுங்கோ" எண்டு லேசாச் சொல்லுறவை, பெண் பனை, பலா, ஈரப்பலா மூண்டுக்கும் 1951ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தில பெர்மிட் வேணும், பறவை இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி.

இனி அந்தக் குஞ்சு. மகன் பாவப்பட்டு எடுத்தது எனக்கு விளங்குது, ஆனால் காட்டுப் பறவையை வீட்டில வைச்சிருக்கிறதும் அதே 1937ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள்ளதான் வருது, அண்ணைக்குத் தெரிஞ்சால் உங்களுக்கு எதிராப் பிடிக்க அவருக்கு அது ஒண்டே காணும். விழுந்த திகதியை எழுதி வைச்சுக்கொண்டு 1992க்கு எடுத்து ஒப்படையுங்கோ. போனை மகனிட்டயே குடுங்கோ, என்ன சாப்பிடுது, எத்தினை நேரம் எண்டு அவன்தான் சரியாச் சொல்லுவான்.