பாட்டு ஓடினால் படிப்பு ஏறவில்லையா?

அறைத்தோழி பாட்டுப் போட்டுக்கொண்டே படிக்கிறார், உங்களுக்கோ ஒரே பத்தியை மூன்று தடவை படித்தும் மனதில் நிற்கவில்லை என்கிறீர்கள். இது உங்கள் குறை இல்லை; நீங்கள் உள்முக இயல்புடையவராக, அதாவது கூட்டத்தைவிடத் தனிமையை விரும்புபவராக இருக்கலாம். உள்முக இயல்புடையவர்களின் மூளை சும்மா இருக்கும்போதே கூடுதல் விழிப்போடு இருக்கும், அதனால் கொஞ்சம் சத்தமே அதிகமாகிவிடும் என்பது உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் 1967இல் முன்வைத்த கருத்து. 1997இல் ஃபர்ன்ஹாம், பிராட்லி என்ற இரு ஆய்வாளர்கள் பாப் இசையை ஓடவிட்டுச் சோதித்தபோது, வாசித்துப் புரிந்துகொள்வதில் தடுமாறியது உள்முகர்கள்தான். எல்லா ஆய்வுகளும் இப்படியே சொல்லவில்லை. ஆனால் பாட்டில் வரிகள் இருந்தால் சிக்கல் கூடும். கண் ஒரு சொல்லைப் பிடிக்கும்போதே காது வேறொன்றைக் கொண்டுவந்து திணிக்கிறதே!

புதுப் பாடத்துக்கு அமைதிதான் சரி. குறிப்புகளைப் படியெடுக்கும்போது வேண்டுமானால் வரியில்லாத இசையை மெல்ல வைத்துப் பாருங்கள். அப்புறம், தோழியிடம் ஹெட்போன் போட்டுக்கொள்ளச் சொல்லத் தயங்கவே வேண்டாம்.