கோடு நிறைய இருக்கிறது, நெட் ஏன் இல்லை? மலைக்காரர்களின் செல்போன் கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் 14 வருஷம் இந்த மலை முழுக்க டவர் பராமரிப்பு வேலை. "அண்ணா, மேலே இந்த எழுத்து வருதே, அது என்ன?" என்று தினமும் நாலு பேராவது கேட்கிறார்கள். கடையில் கூட்டம் நிற்கும்போது அவசரமாக எதையோ சொல்லி அனுப்புவது மனசுக்கு ஒப்பவில்லை. அதனால் மேசையில் ஒரு நோட்டை வைத்து, கேள்வியை எழுதிவிட்டுப் போகச் சொன்னேன். ஒரே மாசத்தில் நோட்டு பாதி நிரம்பிவிட்டது. அதிலிருந்து சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கட்டபெட்டு, பேக்கரிக்காரர்: அண்ணா, என் போனில் சில நேரம் ஈ, சில நேரம் எச், சில நேரம் 4ஜி என்று மாறி மாறி வருகிறது. போன் கெட்டுவிட்டதா?

போன் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. எந்தத் தலைமுறை சிக்னலில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் அந்த எழுத்து சொல்கிறது.

நம் நாட்டில் செல்போன் 1995-இல் வந்தது. அந்த வருஷம் ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு முதல் அழைப்பைப் பேசினார். அது 2ஜி. பேசுவதற்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான் அதை உருவாக்கினார்கள். நெட் என்பது பிறகு ஒட்டுப்போட்டுச் சேர்த்தது. முதல் ஒட்டு ஜிபிஆர்எஸ். போனில் 'ஜி' என்று மட்டும் வந்தால் அதுதான். இரண்டாவது ஒட்டு எட்ஜ், அதுதான் உங்கள் 'ஈ'. 'ஈ' இருக்கும்போது வாட்ஸ்அப்பில் எழுத்து போகும். போட்டோ நகரவே நகராது. வீடியோவை மறந்துவிடலாம்.

'3ஜி', 'எச்', 'எச் பிளஸ்' மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 3ஜி அண்ணன், எச் அதைவிட வேகமான தம்பி, எச் பிளஸ் கடைக்குட்டி. ஏர்டெல் தன் 3ஜியை 2020-லேயே மூடிவிட்டது. ஜியோவிடம் 2ஜி, 3ஜி இரண்டுமே தொடக்கத்திலிருந்து கிடையாது. அதனால் இன்றைக்கு 'எச்' தெரிந்தால் அது பெரும்பாலும் பிஎஸ்என்எல் சிம்மாக இருக்கும்.

'4ஜி' என்றாலும் 'எல்டிஇ' என்றாலும் ஒன்றே. போன் கம்பெனி எப்படி எழுதுகிறது என்பதுதான் வித்தியாசம். '4ஜி பிளஸ்' என்றால் இரண்டு அலைவரிசைகளை ஒன்றாகச் சேர்த்து உங்களுக்குத் தருகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் குன்னூர் ரோடு, கோத்தகிரி ரோடு இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டது போல.

மஞ்சூர், ஆசிரியை: பேசிக்கொண்டிருக்கும்போது நெட் நின்றுவிடுகிறது. 4ஜி போய் ஈ வந்துவிடுகிறது. பேசி முடித்ததும் 4ஜி திரும்பி வருகிறது.

டீச்சர், உங்கள் போனில் வோல்டி அணைந்திருக்கிறது. நோட்டில் இருந்த கேள்விகளிலேயே நிறைய பேருக்கு உதவக்கூடியது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

4ஜியை நெட்டுக்காக மட்டுமே வடிவமைத்தார்கள். பழைய முறைக் குரல் அழைப்பு அதில் கிடையாது. அதனால் அழைப்பு வந்ததும் போன் 4ஜியை விட்டு 2ஜிக்கு இறங்கி, அங்கே பேசிவிட்டு, முடிந்ததும் ஏறி வருகிறது. இறங்கியிருக்கும் நேரத்தில் நெட் நிற்கிறது. இணைப்பு விழவும் கூடுதல் நேரம் ஆகிறது. குரலையும் நெட் வழியாகவே 4ஜியில் அனுப்பும் முறைதான் வோல்டி. செட்டிங்ஸில் சிம் கார்டு பகுதிக்குப் போனால் 'வோல்டி' அல்லது '4ஜி காலிங்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். போட்டுவிடுங்கள். மேலே சின்னதாக வோல்டி அடையாளம் வந்துவிட்டால் சரி. பேசிக்கொண்டே பிள்ளைகளுக்கு நோட்ஸ் அனுப்பலாம். எதிரில் இருப்பவருக்கும் வோல்டி இருந்தால் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் தெளிவாக இருக்கும்.

இரண்டு சிம் போடுகிறவர்கள் இரண்டிலும் தனித்தனியாகப் போட வேண்டும். பலர் ஒன்றில் மட்டும் போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

டாக்ஸி டிரைவர்: கோடநாடு வியூ பாயிண்டில் நின்றால் சிக்னல் கோடு முழுசாக இருக்கிறது. ஆனால் ஜிபே போகவே மாட்டேன் என்கிறது. கஸ்டமர் முன்னால் மானம் போகிறது சார்.

கோடு எதைக் காட்டுகிறது என்று முதலில் பார்ப்போம். டவர் சொல்வது உங்கள் போன் காதில் எவ்வளவு சத்தமாக விழுகிறது என்பதை மட்டும்தான் அது காட்டும். நீங்கள் சொல்வது டவருக்குக் கேட்கிறதா என்பது அதில் தெரியாது. டவரிலிருந்து அலை பல பத்து வாட் சக்தியில் வருகிறது. 4ஜியில் உங்கள் போன் அதிகபட்சம் 0.2 வாட்தான் தரும். எதிர் மலையில் நிற்கிறவர் மைக்கில் பேசினால் நமக்குக் கேட்கும். நாம் வாயால் கத்தினால் அவருக்குக் கேட்குமா?

கோடநாட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விளிம்பில் நின்றால் கீழே மாயாறு பள்ளத்தாக்கு, தெங்குமரகடா, அதைத் தாண்டிச் சமவெளி எல்லாம் திறந்து கிடக்கிறது. நடுவில் மறைப்பே இல்லை. கீழே எங்கெங்கோ இருக்கும் டவர்கள் எல்லாம் உங்கள் போனுக்கு ஒரே நேரத்தில் கேட்கின்றன. சந்தைக்கு நடுவில் நிற்பது மாதிரி. சத்தம் நிறைய, ஒரு பேச்சும் புரியாது. டவர் வேலையில் இருந்தபோது இதை நம்ப எனக்கே ரொம்ப நாள் ஆயிற்று. உயரமான இடத்தில் சிக்னல் அருமையாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

செய்ய வேண்டியது சுலபம். விளிம்பை விட்டுப் பத்திருபது அடி உள்ளே வாருங்கள். கட்டடமோ மேடோ சமவெளிப் பக்கத்தை மறைக்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஏரோப்பிளேன் மோடைப் போட்டுப் பத்து விநாடி கழித்து எடுங்கள். போன் புதிதாகத் தேடி ஊர்ப்பக்கத்து டவரைப் பிடிக்கும். கோடு குறையும், பணம் போகும்.

ஊட்டி, பூக்கடை அக்கா: மே மாசம் மட்டும் நெட் நத்தையாக ஊர்கிறதே?

மலர்க் கண்காட்சிக் கூட்டம்தான் அக்கா. ஒரு டவரின் வேகத்தை அதில் இருக்கும் அத்தனை போனும் பங்குபோட்டுக்கொள்கின்றன. கோடு கூட்டத்தைக் காட்டாது. காலை ஏழு மணிக்கு முன்னால் ஆர்டர் போட்டோக்களை அனுப்பிவிடுங்கள்.

கூடலூர், ஜீப் ஓட்டுநர்: 'ஆர்' என்று வருகிறது, அப்புறம் நெட் போய்விடுகிறது.

'ஆர்' என்றால் ரோமிங். உங்கள் ஊர் கேரளமும் கர்நாடகமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடம். வயநாட்டுப் பக்கமோ பந்திப்பூர் பக்கமோ போகும்போது அந்த மாநில டவரைப் போன் பிடித்துக்கொள்கிறது. காசு போகுமோ என்று பயந்து 'டேட்டா ரோமிங்' சுவிட்சை அணைத்து வைத்திருப்பீர்கள். அதனால்தான் நெட் நிற்கிறது. சாதாரண பேக்குகளில் உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக்காசு கிடையாது. சுவிட்சைப் போட்டுவிடுங்கள். வெளிநாடு போகும்போது மட்டும் அணைத்தால் போதும்.

குன்னூர், ஹோம்ஸ்டே நடத்துபவர்: என் வைஃபை பெயரிலேயே 5ஜி இருக்கிறது. விருந்தாளிகளிடம் 5ஜி இருக்கிறது என்று சொல்லலாமா?

சொல்ல வேண்டாம் சார். அது 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் வைஃபை அலைவரிசை. செல்போன் 5ஜி என்பது ஐந்தாம் தலைமுறை. எழுத்து ஒன்றாக இருந்தாலும் இரண்டுக்கும் உறவே இல்லை. வைஃபை அடையாளத்துக்குப் பக்கத்தில் 5, 6 என்று சின்ன எண் வந்தால் அது வைஃபையின் சொந்தத் தலைமுறைக் கணக்கு. அதற்கும் செல்போன் தலைமுறைக்கும் சம்பந்தமில்லை.

ஆனால் உங்களிடம் ஃபைபர் லைன் இருக்கிறதல்லவா, அதில் ஒரு நல்ல வசதி தூங்கிக்கொண்டிருக்கிறது: வைஃபை காலிங். கல் கட்டடத்துக்குள் டவர் எடுக்காத அறைகளிலும் சாதாரண போன் அழைப்பு வைஃபை வழியாகப் போகும், வரும். வோல்டிக்குப் பக்கத்திலேயே அதன் சுவிட்சும் இருக்கும். இதை எழுதி ஒவ்வோர் அறையிலும் ஒட்டி வையுங்கள். விருந்தாளிகள் உண்மையிலேயே சந்தோஷப்படுவார்கள்.

கீழ் கோத்தகிரி பக்கம், எஸ்டேட் லைன் வீட்டில் (தொழிலாளர் வரிசை வீடு) இருக்கும் அம்மா: வீட்டுக்குள் போன் செத்துக் கிடக்கிறது. ஜன்னலில் வைத்தால்தான் மகன் பேசினால் வருகிறது.

அம்மா, உங்கள் லைனுக்கு நான் நேரிலேயே வந்து பார்த்தேன். ஜன்னல் கம்பியில் பால் கவரைக் கட்டி, அதற்குள் போனைத் தொங்கவிட்டிருந்தீர்கள். மழை படாமல் இருக்கக் கவரின் வாயை ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றியிருந்தீர்கள். அந்த இடத்தை நீங்களே தேடிக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். நான் அளந்து பார்த்ததில் அது அருமையான தேர்வு.

அளவை எல்லோரும் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும். அதனால் சின்ன எண்தான் நல்லது. 4ஜியில் மைனஸ் 90 என்றால் நிம்மதி. மைனஸ் 110-இல் திண்டாட்டம். 120-ஐத் தாண்டினால் அறுந்துவிடும். உங்கள் அடுப்பங்கரையில் மைனஸ் 118, ஜன்னலில் மைனஸ் 104. பதினான்குதான் வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் இந்தக் கணக்கில் ஒவ்வொரு மூன்றும் இரண்டு மடங்கு. ஜன்னலில் வரும் சிக்னல் அடுப்பங்கரையைவிட 25 மடங்கு பலமானது. எல்லாம் தகர ஷீட்டின் வேலை. உலோகம் அலையை உள்ளே விடாது.

போன் அங்கேயே தொங்கட்டும். ஒயர் வைத்த ஹெட்செட் வாங்கித் தருகிறேன், நாற்காலியில் உட்கார்ந்து பேசுங்கள். நின்றுகொண்டே பேச வேண்டாம்.

அரவங்காடு, கல்லூரி மாணவன்: 5ஜி என்று காட்டுகிறது, வேகம் மட்டும் 4ஜி மாதிரியே இருக்கிறதே அண்ணா. ஏமாற்றுகிறார்களா?

பாதி நியாயமான சந்தேகம் தம்பி. இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. இரண்டு விதமாகப் போட்டிருக்கிறார்கள். ஜியோ தனித்து நிற்கும் 5ஜியைக் கொண்டுவந்தது. ஏர்டெல் 4ஜியின் தோளில் ஏறி நிற்கும் 5ஜியில் தொடங்கியது. இந்த இரண்டாம் வகையில், நீங்கள் இணைந்திருக்கும் 4ஜி டவர் '5ஜி தரக்கூடியது' என்று அறிவித்தாலே பல போன்கள் 5ஜி அடையாளத்தைக் காட்டிவிடும். நெட் உண்மையில் 4ஜியில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்று அலைவரிசை. 5ஜியின் வேகம் பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. வேகம் அதிகம், எட்டும் தூரம் குறைவு, வளைந்து போகத் தெரியாது. 850, 900 மெகாஹெர்ட்ஸ் 4ஜி மேட்டைச் சுற்றிக் கொஞ்சம் வளைந்து வந்து ஹட்டி எனும் மலைக் கிராமங்களுக்குள்ளும் எட்டிப்பார்க்கும். நம் மலையில் ஒரு திருப்பத்துக்கு ஒரு மேடு. அதனால் ஆடுகிற 5ஜியைவிட அசையாத 4ஜி மேல் என்பது என் முடிவு. ஆன்லைன் பரீட்சை எழுதும் நாளில் செட்டிங்ஸில் 4ஜியை மட்டும் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள். புதுப் போன் வாங்குகிறாய் என்றால் 5ஜி போனே வாங்கு. ஆனால் 5ஜிக்காக மட்டும் நல்ல போனைத் தூக்கிப் போட்டு அப்பாவுக்குச் செலவு வைக்காதே.

ஊட்டி, ஓய்வுபெற்றவர்: மூடுபனி வந்தால் சிக்னல் போய்விடுகிறது என்கிறார்களே, நிஜமா?

பனியின் மேல் பழி போடுகிறோம் ஐயா. 900 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் சுமார் 33 செ.மீ. பனித்துளி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, அலை பேசாமல் தாண்டிப் போய்விடும். நனைந்த இலை வேறு விஷயம். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் அடர்ந்த இடத்தில் மழை ஈரம் அலையை நிஜமாகவே உறிஞ்சும். அப்புறம், டவரில் வட்டமாக முரசு மாதிரி மாட்டியிருக்கிறார்களே, அது ஒரு டவரை இன்னொரு டவரோடு இணைக்கும் மைக்ரோவேவ். அதன் அலை ஓரிரு செ.மீ. நீளம்தான். அடைமழையில் அது திணறும். எல்லாவற்றுக்கும் மேலே, காற்றில் மரம் விழுந்து கரண்ட் போய், டவர் பேட்டரியும் தீர்ந்து, டீசல் கொண்டுபோகும் வண்டி மண்சரிவில் நின்றுவிடும். நான் தோளில் கேன் சுமந்து ஏறிய நாட்கள் உண்டு.

கேத்தி, கடைக்காரர்: ஆன்லைனில் சிக்னல் பூஸ்டர் விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். அனுமதியில்லாமல் வைப்பது சட்டப்படி குற்றம். உங்களுக்குக் கோடு ஏறும், சுற்றியிருக்கும் பத்து வீட்டுக்குப் பேச்சு அறுந்துபோகும். வைஃபை காலிங் போதும்.

குந்தா பஸ்ஸில் தினமும் போகிறவர்: வழியிலேயே பேட்டரி தீர்ந்துவிடுகிறது.

சிக்னல் மெலியும்போதெல்லாம் போன் சக்தியைக் கூட்டிக் கத்துகிறது, டவரே இல்லாத இடத்தில் ஓயாமல் தேடுகிறது. டவர் இல்லாத துண்டு வந்ததும் ஏரோப்பிளேன் மோடில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

பெயர் எழுதாத ஒருவர்: 'அவசர அழைப்பு மட்டும்' என்று வந்தால் போன் உபயோகமே இல்லைதானே?

இந்தக் கேள்விக்காகவே நோட்டு வைத்தது வீண்போகவில்லை. உபயோகம் இருக்கிறது! உங்கள் கம்பெனி டவர் இல்லை, ஆனால் வேறு கம்பெனி டவர் எட்டுகிறது என்று அர்த்தம். 112-ஐ அழுத்தினால் அந்த டவர் வழியாகப் போகும். ஒரு மழை ராத்திரி எங்கள் வேலை வேன் பள்ளத்தில் சரிந்தபோது, டிரைவர் இந்த வாசகத்தைப் பார்த்துவிட்டு "டவர் இல்லை" என்று போனைப் பையில் போட்டுவிட்டார். காலில் அடிபட்ட பையனைத் தூக்கிக்கொண்டு இருட்டில் இரண்டு மணி நேரம் நடந்தோம். எனக்கும் அன்றைக்கு இது தெரியாது. 'நோ சர்வீஸ்' என்று வந்தால்தான் எந்த டவரும் இல்லை. அப்போது மேடு பார்த்து ஏறி மறுபடி பாருங்கள். 112 என்ற எண்ணை வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

ஒரசோலை, பேத்தி: பாட்டியின் பட்டன் போனில் புது சிம் போட்டால் 'சிம் செல்லாது' என்கிறது.

பழைய பட்டன் போனுக்கு 2ஜி மட்டும்தான் தெரியும் கண்ணு. நீ போட்ட சிம் 4ஜி மட்டும் இருக்கும் கம்பெனியுடையதாக இருக்கும். 2ஜி இன்னும் ஓடுகிற கம்பெனி சிம்மைப் போடு, இல்லையென்றால் 4ஜி பட்டன் போன் ஒன்று வாங்கு. பாட்டியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வா. பட்டன் எழுத்து பெரிதாக இருப்பதைப் பாட்டியே அழுத்திப் பார்த்து எடுக்கட்டும்.