சட்டை போடாத முயல்

கேள்வி: நீலச் சட்டை போட்ட பீட்டர் முயலின் கதையை எழுதிப் படமும் வரைந்த ஆங்கில எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டரின் ஆரம்பகால நீர்வண்ண முயல்களைப் போன இதழில் பக்கம் பக்கமாக அச்சிட்டிருந்தீர்கள். சட்டையும் இல்லை, கதையும் இல்லை. வெறும் பயிற்சிப் படங்கள். குழந்தைகளுக்குப் படம் போட இத்தனை நுணுக்கம் எதற்கு? கற்பனை போதாதா?

பதில்: போதாது. சட்டை இல்லை என்று நீங்கள் குறையாகச் சொல்வதுதான் அந்தப் படங்களின் பெருமை.

1890-இல் வரைந்த தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். பாட்டருக்கு அப்போது 24 வயது. லண்டன் வீட்டில் அவர் வளர்த்த பெஞ்சமின் என்ற முயலின் தலை, ஒரே தாளில் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பி நிற்கிறது. முயலுக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. அதை மனிதக் கண்போல முன்னால் இழுத்து வைத்தால் பொம்மையாகிவிடும். அவர் இழுக்கவில்லை. ரோமத்தையும் பாருங்கள். வெளிறிய பூச்சின்மேல், ஈரம் குறைந்த மெல்லிய தூரிகையால், முடி சாயும் திசையிலேயே இழுத்த பொடிக் கோடுகள். சிறுவயதில் அவரும் தம்பியும் இறந்துபோன பிராணிகளை வேகவைத்து எலும்புக்கூட்டை எடுத்து ஆராய்ந்தவர்கள். தோலுக்கடியில் எலும்பு எங்கே வளைகிறது என்று அறிந்த கை அது.

1902-இல் வெளிவந்த பீட்டர் முயல் கதையில், தோட்டக்காரர் துரத்தும்போது காலணிகள் கழன்றுவிட, பீட்டர் நான்கு காலில் பாய்கிறது. அதுவரை நீலச் சட்டையோடு இரண்டு காலில் நடந்த பிராணி! எந்தக் குழந்தையும் அதில் தடுமாறுவதில்லை. சட்டைக்குள் இருந்த முதுகும் தொடையும் முதலிலிருந்தே முயலுடையவை. கற்பனையால் வந்தது சட்டை மட்டும்தான்.

குழந்தைக்குத்தானே என்று அரைகுறையாக வரைந்து தருவதை என்னால் ஏற்க முடியாது. பெரியவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். குழந்தைதான் புத்தகத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு மீசையை எண்ணுகிறது.

வெறும் பயிற்சி என்கிறீர்களே, அதே 1890-இல், அதே பெஞ்சமினைப் பார்த்து வரைந்த வாழ்த்து அட்டைப் படங்களை ஒரு நிறுவனம் 6 பவுண்டு பணம் கொடுத்து வாங்கியது. பாட்டர் அந்த மகிழ்ச்சியில் முதலில் செய்த காரியம், படத்துக்கு உட்கார்ந்த முயலுக்கு ஒரு கோப்பை நிறைய விதைத்தீனி வைத்ததுதான்.