அர்ஜென்டினாவில் கோல்ஃப் ஆட வேண்டுமா? ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு போங்கள்

கேள்வி: அலுவலக வேலையாக நவம்பரில் பத்து நாள் புவெனஸ் ஐரிஸ் போகிறேன். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைவாக இருந்தால் திறமை அதிகம்) 18. இரண்டு மூன்று நாள் ஆட நேரம் கிடைக்கும். கண்ணுக்கு அழகான மைதானத்தைவிட, அந்த நாட்டு கோல்ஃப் வரலாறு தெரியும் இடங்களில் ஆடவே ஆசை. எங்கே போகலாம்? வெளியாளை உள்ளே விடுவார்களா?

பதில்: நவம்பர் அங்கே வசந்தகாலத்தின் கடைசி, ஆட ஏற்ற மாதம். ஜனவரியில் போனால் புழுக்கம் தாங்காது, பாதி ஊர் விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் கிளம்பியிருக்கும்.

அந்த நாட்டுக்கு கோல்ஃப் வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ரயில், வங்கி, இறைச்சி ஏற்றுமதி என்று வேலைக்கு வந்த பிரிட்டிஷ்காரர்களோடு. அவர்கள் குடியேறியது ரயில் நிலையங்களைச் சுற்றி, மைதானம் போட்டதும் அங்கேயேதான். 1888இல் தொடங்கிய ஹர்லிங்காம் கிளப் இன்றும் அதே பெயருள்ள ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. போலோவும் கிரிக்கெட்டும் ஆடிய இடம், கோல்ஃப் சில ஆண்டு கழித்துச் சேர்ந்தது. 2018 இளையோர் ஒலிம்பிக்கின் கோல்ஃப் போட்டி நடந்ததும் இங்கேதான். அர்ஜென்டினா ஓப்பன் 1905இல் தொடங்கியது. முதல் கோப்பையை வென்ற மங்கோ பார்க் ஸ்காட்லாந்துக்காரர். 1860இல் முதல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற வில்லி பார்க்கின் மகன்! பிரிட்டிஷ் கைவசம் இருந்த ரயில் பாதைகள் 1948இல் அரசுடைமையாகிவிட்டன. மைதானங்கள் அப்படியே நின்றுவிட்டன.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், புறநகரான சான் இசிட்ரோவில் உள்ள ஜாக்கி கிளப்பின் சிவப்பு மைதானம். 1930இல் பெயர்பெற்ற மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கன்ஸி வந்து வடிவமைத்தது. கலிஃபோர்னியாவில் சைப்ரஸ் பாயின்ட் மைதானத்தைப் போட்டு முடித்திருந்தார், மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அமெரிக்காவின் அகஸ்டா மைதானம் இனிமேல்தான். கொடுத்த நிலமோ தட்டையான களிமண் தரை. மேடும் கிடையாது, மழைநீர் ஓட வழியும் கிடையாது. இரண்டுக்கும் ஒரே தீர்வாக, ஆடும் பாதை நெடுகிலும் வளைந்து வளைந்து ஆழமில்லாத பள்ளங்களைத் தோண்டவைத்தார். தண்ணீர் அதில் வடியும், எடுத்த மண் மேடாகும். இன்று ஆடும்போது அது இயற்கையான ஏற்ற இறக்கம் என்றே தோன்றும். பந்து பள்ளத்தில் கிடக்க, கால் மேட்டில் நிற்க, அடிக்கப் போகிற கிரீனின் (குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரை) பாதிதான் கண்ணில் படும்போது அவர் கெட்டிக்காரத்தனம் புரியும். டிரைவரை (நெடுந்தூரம் அடிக்கும் மட்டை) ஓங்கி அடிப்பதால் இங்கே பெரிய பலன் இல்லை. கிரீனை எந்தப் பக்கத்திலிருந்து அணுகுகிறீர்கள் என்பதே ஸ்கோரை முடிவு செய்யும். 1962, 1970 என இரண்டு முறை உலகக் கோப்பை போட்டிகள் இந்த கிளப்பில் நடந்தன. இரண்டிலும் தனிநபர் பட்டம் அர்ஜென்டினா வீரர் ராபர்ட்டோ டி விசென்ஸோவுக்கு. இரண்டாவது முறை அவருக்கு வயது 47.

அவர் பெயரைச் சொல்லிவிட்டால் அப்புறம் நிறுத்துவது கஷ்டம். சிறு வயதில் கேடியாக ஆட்டக்காரர்களின் மட்டைப் பை சுமந்தவர், 1967இல் இங்கிலாந்தின் ஹாய்லேக்கில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது அடுத்த ஆண்டு மாஸ்டர்ஸைத்தான். கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்வார். கடைசி நாள் 17ஆவது குழிக்கு அவர் எடுத்தது 3 அடி. கூட ஆடிய டாமி ஆரன் அவருடைய ஸ்கோர் அட்டையில் 4 என்று எழுதிவிட்டார். சரிபார்க்காமல் டி விசென்ஸோ கையெழுத்துப் போட்டார். அதிகமாக எழுதியதே செல்லும் என்பது விதி. அன்றைய ஸ்கோர் 65 ஆக வேண்டியது 66 ஆனது, சமநிலையை முறிக்க மறுநாள் நடந்திருக்க வேண்டிய பிளே ஆஃப் இல்லாமலே பட்டம் பாப் கோல்பிக்குப் போனது. அன்று டி விசென்ஸோவின் 45ஆவது பிறந்தநாள் வேறு. ஆரன்மேல் பழி போடாமல் தன்னைத்தானே முட்டாள் என்று சொல்லிக்கொண்டார்.

அவர் குடியிருந்த ரானெலா, நகரின் தெற்கே ரோகா ரயில் பாதையில் இருக்கிறது. இரண்டாவது நாளை அங்கே வையுங்கள். ஜாக்கி கிளப் அளவுக்கு மைதானம் சவால் விடாது, ஆனால் ரயில்வேக்காரர்கள் உருவாக்கிய புறநகர் எப்படி இருந்திருக்கும் என்பது அந்தத் தெருக்களில் தெரியும்.

மூன்றாவது நாள் இருந்தால், சுமார் 400 கிலோமீட்டர் தெற்கே மார் டெல் பிளாட்டா. 1886இல் ரயில் வந்தது, பணக்காரர்கள் வந்தார்கள், 1900இல் கோல்ஃப் கிளப் வந்தது. அங்குள்ள பழைய மைதானம் கடலுக்கு மேலே மேட்டில், மரம் அதிகமில்லாமல், எந்நேரமும் காற்றில் கிடக்கிறது. பந்தைத் தாழ்வாக அடிக்கப் பழகிக்கொண்டு போங்கள். தூரத்தில் ஆண்டிஸ் மலைப்பக்கமுள்ள பாரிலோச்சேயில் ஏரியும் பனிமலையுமாக ஒரு மைதானம் இருக்கிறது. படம் பார்த்து மயங்காதீர்கள், நீங்கள் கேட்டது வரலாறு.

அதைவிட கோர்டோபா பக்கம் வில்லா ஆயெண்டே மேல். 2007 யு.எஸ். ஓப்பனும் 2009 மாஸ்டர்ஸும் வென்ற ஏஞ்சல் கப்ரேரா கேடியாக வளர்ந்த ஊர். அவருக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்ட எட்வார்டோ ரொமேரோவும் அதே ஊர்க்காரர், பிற்பாடு அந்த ஊர் மேயராகவும் இருந்தார். விமானத்தில்தான் போக வேண்டும், உங்களிடம் உள்ள நேரத்துக்கு ஒத்துவராது.

சரி, உள்ளே விடுவார்களா? பெரும்பாலும் உறுப்பினர் கிளப்கள். ஆனாலும் வார நாட்களில் விருந்தினருக்கு இடம் தருவது வழக்கம், சனி ஞாயிறு எதிர்பார்க்காதீர்கள். ஜாக்கி கிளப்புக்கு மட்டும் உறுப்பினர் ஒருவரின் அறிமுகம் இருந்தால் வேலை சுலபம். உங்கள் அலுவலகத்தின் அங்குள்ள கிளையில் விசாரியுங்கள், யாராவது ஒருவருக்கு மாமனார் உறுப்பினராக இருப்பார். இங்குள்ள உங்கள் கிளப் செயலாளரிடம் அறிமுகக் கடிதமும் ஹேண்டிகேப் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். எதுவும் அமையவில்லை என்றால் பலெர்மோவில் மாநகர மைதானம் இருக்கிறது, அங்கே யார் வேண்டுமானாலும் காசு கட்டி ஆடலாம்.

திங்கட்கிழமை பல கிளப்களுக்கு விடுமுறை. கட்டணத்தைப் பழைய பயணக் குறிப்புகளில் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், பெசோ விலை மாதத்துக்கு மாதம் மாறும். முன்பதிவுக்கு எழுதும்போதே அன்றைய தொகை எவ்வளவு, கேடி உண்டா, வாடகைக்கு மட்டை கிடைக்குமா என்று சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.