இளங்கலை வகுப்புச் சிக்கல்கள்: கேளுங்கள், பதில் சொல்கிறேன்

22 வருடமாக இளங்கலை மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கிறேன். கடைசி ஆறு வருடமாக வெவ்வேறு துறையைச் சேர்ந்த நாங்கள் ஐந்து பேர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து, யார் வகுப்பில் எது சரியாகப் போகவில்லை என்று பேசிக்கொள்கிறோம். அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: கேள்வி கேட்டால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை மேடம். கடைசியில் நானே பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள்? நான் நிறையவே பொறுப்பதாக நினைத்திருந்தேன். எங்கள் குழுவின் பொருளியல் ஆசிரியர் ஒருநாள் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நான் கேட்டு முடித்து மறுபடி பேசத் தொடங்கும்வரை வாட்சைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார்: ஒரு நொடி, ஒன்றரை, ஒரு நொடி. 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பள்ளி வகுப்புகளில் கண்டதும் இதேதான். காத்திருப்பதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள். இப்போது மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். முதல் இரண்டு வாரம் அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும்.

கேள்வி: 120 பேர் வகுப்பில் கலந்துரையாடல் நடக்குமா? சத்தம்தான் மிஞ்சும்.

சத்தம் வரட்டும், பாடத்தைப் பற்றிய சத்தமாக இருந்தால் போதும். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை பெரிய வகுப்புக்கென்றே பொருந்தும். மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, அப்போது அதன் முடுக்கம் என்ன என்று கேளுங்கள். முதலில் தனியாக யோசித்துக் கை தூக்கட்டும், பாதிப் பேர் பூஜ்யம் என்பார்கள். விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லி மறுபடி கை தூக்கச் சொல்லுங்கள். வேகம் பூஜ்யமானாலும் புவியீர்ப்பு எங்கே போகும் என்று ஒரு மாணவி தன் தோழியிடம் கேட்டதுபோல் நான் ஒருநாளும் விளக்கியதில்லை.

கேள்வி: இப்படி நடத்தினால் 'மேடம் பாடமே எடுப்பதில்லை' என்று ஃபீட்பேக்கில் எழுதுகிறார்களே?

எழுதுவார்கள். 2019ல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில், தாங்களே செய்து கற்றவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். மூளை சிரமப்படுவதைப் புரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். இதை முதல் வாரமே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014ல் வந்த கட்டுரையில், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி சுமார் 34 சதவீதம், மாணவர்கள் தாங்களே செய்து கற்ற வகுப்புகளில் 22. துறைத்தலைவர் கேட்டால் இந்த எண்களைக் காட்டலாம்.

கேள்வி: போன மாதம் நடத்தியதே நினைவில் இல்லை அவர்களுக்கு.

திரும்ப நடத்தாதீர்கள். வகுப்பு தொடங்கியதும் நோட்டை மூடிவைத்து மூன்று கேள்விகளுக்கு எழுதச் சொல்லுங்கள், மதிப்பெண் வேண்டாம். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதுவது ஒரு வாரம் கழித்தும் அதிகம் நிற்கிறது.

கேள்வி: எங்கள் துறையில் யாரும் இன்னொருவரைத் தன் வகுப்பில் உட்கார விடமாட்டார்கள். எப்படித்தான் ஒன்று சேர்வது?

வகுப்பில் உட்காருவதில் தொடங்காதீர்கள், விடைத்தாளில் தொடங்குங்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். பெயரை மறைத்து ஐந்து இயற்பியல் விடைத்தாள்களைக் கணித ஆசிரியரிடம் கொடுத்தேன். ஒன்றைப் பார்த்ததும், "இந்தப் பையன் என் வகுப்பில் வகைக்கெழு எல்லாம் சரியாகப் போடுவானே" என்றார், அவனுடைய கையெழுத்து அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் வகுப்பில் எல்லாமே எக்ஸ், ஒய். என் வகுப்பில் எக்ஸ் என்பது நேரத்தோடு மாறும் தூரம், நேரத்துக்கு டி (t) என்று எழுதியதும் அவனுக்கு அது வேறு கணக்காகிவிட்டது. இரண்டு பேரும் தனித்தனியாகப் பல வருடம் அவனைப் போன்றவர்களுக்கு அடிப்படை சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம், நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அடுத்த பருவத்திலிருந்து அவர் கணக்குகளில் டி வந்தது, நான் முதல் வாரம் அவர் பயன்படுத்தும் குறியீட்டிலேயே எழுதிக் காட்டினேன்.

அப்புறம் ஒரு விதி: குழுவில் பேசியது எதுவும் நிர்வாகத்துக்கோ பணி மதிப்பீட்டுக்கோ போகக்கூடாது. வகுப்பைப் பார்க்க வருபவர், பாடம் எடுப்பவர் எதைக் கவனிக்கச் சொன்னாரோ அதை மட்டும் கவனிக்க வேண்டும். மூன்று பேர் இருந்தாலே போதும், துறை வேறாக இருந்தால் இன்னும் நல்லது.